சிவப்பின் மேல் ஒரு சாம்பல் பட்டை: நுவரெலியா நாட்குறிப்பு

ஜனவரி 6
நான்கடிக் கன்வஸ். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று தடவை. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 இலக்க உப்புத்தாளால் தேய்த்தாயிற்று. உருவம் எதுவும் இல்லை. கீழே முக்கால் பங்கு சிவப்பு, மேலே சாம்பல் பட்டை. தீட்டுவது துக்கத்தை. துக்கம் என்றதும் கறுப்பை எடுப்பது அவசரம். இருண்டுபோகும் சிவப்பில்தான் பாரம் இருக்கிறது.

ஜனவரி 8
ட்யூபின் பெயரை நம்பாமல், உள்ளே எந்த நிறப்பொடி என்று சொல்லும் நிறமி எண்ணைப் பார்க்க வேண்டும். அலிஸரின் கிரிம்ஸன் என்ற சிவப்பு, எண் பி.ஆர். 83, வெளிச்சத்தில் வெளுக்கும்; மெல்லிய பூச்சில் இன்னும் சீக்கிரம். குவினாக்ரிடோன் சிவப்பு, எண் பி.வி. 19, தாக்குப்பிடிக்கும். அமெரிக்க ஓவியர் மார்க் ரொத்கோ 1960களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குத் தீட்டிய சுவரோவியங்களில் லித்தால் ரெட் என்ற வெளுக்கும் சிவப்பு இருந்தது. ஜன்னல் வெயில் அந்தச் சிவப்பைத் தின்றுவிட்டது. 1979இல் கழற்றி வைத்தார்கள். 2014இல் புரொஜெக்டர் ஒளியைப் பாய்ச்சித்தான் பழைய நிறத்தைக் காட்ட முடிந்தது. அவர் எந்த உணர்வுக்காக அந்தச் சிவப்பைத் தேர்ந்தாரோ, அதுவும் நிறத்தோடு போயிற்று. நினைக்கவே வலிக்கிறது.

ஜனவரி 11
சிவப்புப் பூச்சுக்கு ஒரு பங்கு சாயம், ஐந்து பங்கு அக்ரிலிக் மீடியம் என்ற நிறமில்லாப் பசை, சில துளி தண்ணீர். தண்ணீர் மிஞ்சினால் பசை மெலிந்து, அடுத்த பூச்சில் தூரிகையோடு நிறம் கிளம்பி வரும். ஈரத்தில் பால்போல வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி இருளும். ஆகவே முதலில் துண்டு அட்டையில் பூசிக் காயவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

இங்கே குளிர்தான் பெரிய வில்லங்கம். 10 பாகைக்குக் கீழே அக்ரிலிக் சரியாகப் படலம் கட்டாது. காய்ந்தது போலிருக்கும், பிறகு வெடிக்கும். ஜனவரி இரவுகளில் அதற்கும் கீழே இறங்குகிறது. காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் பூச்சு இல்லை. இதுவரை ஆறு பூச்சு.

ஜனவரி 14
ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கத் தேயிலைப் பச்சை. அதையே பார்த்திருந்து திரும்பினால் சிவப்பு உள்ளதைவிடக் கொதிக்கிறது. பச்சையில் களைத்த கண் செய்யும் வேலை. அதை நம்பிச் சிவப்பைத் தணித்தால் படம் செத்துவிடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி, சாம்பல் அட்டையை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டே சிவப்பை எடைபோடுவது. மூடுபனி வெளிச்சம் இதற்கு நல்லது. மஞ்சள் பல்பு நீலத்தை அழுக்காக்கும்.

ஜனவரி 17
அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் அம்பர், டைட்டேனியம் வெள்ளை: மூடுபனிச் சாம்பல் தட்டில் சரியாக இருந்தது. சிவப்புக்குப் பக்கத்தில் வைத்ததும் பாசிப் பச்சை ஏறியது. அயல் நிறம் தன் எதிர்நிறத்தை அடுத்ததில் ஏற்றும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 1839இலேயே எழுதிவிட்டார். படத்திலிருக்கும் அதே சிவப்பை அரைக் கரண்டிச் சாம்பலுக்கு ஒரு துளி சேர்த்ததும் பாசி அடங்கியது. இரண்டு துளியில் பட்டை சதைநிறமானது, துடைத்தாயிற்று. ஓரத்தை ஈரத் துணியால் கலைத்து விட்டிருக்கிறது, கோடு தெரியக் கூடாது. நாளை வெயில் வந்தால் ஏழாம் பூச்சு.