சாண்டோஸ் காப்பி மாளிகை
பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் காப்பிக்கு விலை பேசுவதற்கென்றே ஒரு மாளிகை எழுப்பினார்கள். 1922 செப்டம்பர் 7, நாட்டின் விடுதலை நூற்றாண்டு நாளில் திறப்பு விழா. கூடத்தைச் சுற்றித் தரகர்களுக்கான மர நாற்காலிகள், சுவரில் பெனெடிட்டோ கலிஸ்டோவின் பெரிய ஓவியங்கள், அண்ணாந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடி. ஒரு விளைபொருளுக்கு இத்தனை அலங்காரமா என்று ஒவ்வொரு முறையும் வியந்துபோகிறேன்.

1867இல் மலையிறங்கி வந்த ரயில்பாதைதான் இந்த ஊரைக் காப்பித் துறைமுகமாக்கியது. அந்தச் செல்வத்தின் அடியில் கிடந்தது அடிமைகளின் உழைப்பு. 1888 வரை அங்கே அடிமைமுறை சட்டப்படியே இருந்தது. மாளிகையின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

1929 உலகப் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. விழுந்த விலையைத் தூக்கி நிறுத்த, 1931 முதல் 1944 வரை பிரேசில் அரசு ஏறத்தாழ 7.8 கோடி மூட்டைக் காப்பியை அழித்தது. மூட்டைக்கு 60 கிலோ! எரித்தார்கள், கடலில் கொட்டினார்கள். வெயிலில் நின்று ஒவ்வொரு பழமாகப் பறித்தவர்களின் வயிற்றெரிச்சல் எந்தக் கணக்கில் ஏறியிருக்கும்?

அந்த மாளிகை 1998 முதல் காப்பி அருங்காட்சியகம். பிரேசில் போகும் வாய்ப்புள்ள நண்பர்கள் தவறாமல் பாருங்கள்.