இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம்

குளிர்காலத்தில் ஊட்டி, குன்னூர்ப் பக்கம் இஷா (இரவுத் தொழுகை) ஜமாஅத் முடிந்ததும் கடைத்தெரு சீக்கிரமே அடங்கிவிடும். கதவைச் சாத்திக்கொண்ட பிறகு தூக்கம் வரும்வரை உள்ள நேரத்தைப் பெரும்பாலும் போன்தான் தின்கிறது. அதில் பத்து நிமிடத்தை முஹாஸபாவுக்கு, அதாவது நம்மை நாமே கணக்குக் கேட்டுக்கொள்வதற்கு, எடுத்து வையுங்கள்.

"ஒவ்வோர் ஆத்மாவும் நாளைக்காக எதை முற்படுத்தி வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறது ஹஷ்ர் அத்தியாயத்தின் 18-வது வசனம். இதை எப்படிச் செய்வது என்பதற்கு, ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கூட்டு வியாபாரத்தைக் காட்டுகிறார்கள். ஃபர்ளு (கட்டாயக் கடமை) முதலீடு, நஃபில் (உபரி வணக்கம்) லாபம், பாவம் நஷ்டம். காலையில் நஃப்ஸிடம் (நம் மனத்திடம்) நிபந்தனை பேசுங்கள், பகலில் கண் வையுங்கள், இரவில் கணக்குக் கேளுங்கள். காலையில் எதையும் பேசாமல் இரவில் மட்டும் உட்கார்ந்தால் கேட்பதற்குக் கணக்கே இருக்காது. வெறும் மனக்கசப்போடு எழுந்து போவோம்.

முதலில் ஐவேளைத் தொழுகை. சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தவறியிருந்தால் "என் ஈமான் பலவீனம்" என்று பொத்தாம்பொதுவாக நொந்துகொள்வதில் பயனில்லை. எந்த இடத்தில் தவறியது என்று பாருங்கள். உறைபனிக் காலத்தில் அலாரம் ஒழுங்காகத்தான் அடிக்கிறது. குழாய்த் தண்ணீரை நினைத்ததும் நீட்டிய கை கம்பளிக்குள் திரும்பிவிடுகிறது. அப்படியானால் சரிசெய்ய வேண்டியது தண்ணீரை. நபி (ஸல்) அவர்கள் ‘முத்து’ என்ற பழைய அரபு அளவையில் ஒரு முத்துத் தண்ணீரில் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்திருக்கிறார்கள். அது ஏறக்குறைய முக்கால் லிட்டர், ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) கணக்கில் சற்றுக் கூடும். இரவே ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி வைத்து, பச்சைத் தண்ணீரோடு விளாவினால் ஒருவருக்குத் தாராளம். தோல் காலுறை இருந்தால் இன்னும் எளிது. முழு ஒளுவோடு அணிந்து, பிறகு முதல் முறை ஒளு முறிந்த நேரத்திலிருந்து ஊரில் இருப்பவர் 24 மணி நேரமும் பயணி 72 மணி நேரமும் கால் கழுவாமல் அதன் மேல் மஸஹு செய்யலாம் (ஈரக் கையால் தடவலாம்). கடையில் வாங்கும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் இதற்கு ஆகாது. குளிருக்குப் போட்டதன் மேலேயே தடவிவிட்டுத் தொழுவதைப் பலர் தெரியாமல் செய்கிறார்கள்.

பழைய களா (நேரம் தவறிய தொழுகை) இருந்தால் ஒவ்வொரு ஃபர்ளோடும் ஒரு களா தொழுது வாருங்கள். ஒரு நாள் களா 17 ரக்அத் (தொழுகைச் சுற்று), ஹனஃபிகளுக்கு வித்ருத் தொழுகையோடு 20. எத்தனை வருடம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மனம் நிச்சயப்படும் அளவுக்குக் கூட்டிக் கணக்கிடுங்கள்.

அடுத்தது மனிதர்களின் ஹக்கு (நாம் அவர்களுக்குச் சேர்க்க வேண்டிய உரிமை). என் பார்வையில் நாம் மிகவும் கோட்டை விடுவது இங்கேதான். தஹஜ்ஜுதுக்கு (பின்னிரவு உபரித் தொழுகைக்கு) எழுந்திருக்கிறவர்கூட எடையில் கை வைத்ததைக் கணக்கில் கொண்டுவருவதில்லை. மதீனாக் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் என்னைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். மலையில் இருக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? மூட்டையின் வாயில் பருத்த கேரட், அடியில் உடைந்ததும் பொடிசும். பச்சைத் தேயிலை எடை போடும்போது ஈரத்துக்கென்று கூடுதலாகக் கழிக்கும் இரண்டு கிலோ. கலப்படத் தைலம். இவை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ஆள் நிற்கிறார். பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது ஆகிய மூன்றும் தவ்பாவின் (பாவமன்னிப்புக்காகத் திரும்புவதன்) நிபந்தனைகள். மனிதருக்குச் சேர வேண்டியது இருந்தால், அதைத் திருப்பிக் கொடுப்பது நான்காவது.

நோட்டில் பாவத்தை விவரித்து எழுதாதீர்கள். அல்லாஹ் மறைத்ததை நாமே அம்பலப்படுத்தக் கூடாது, நோட்டு யார் கையிலும் சிக்கலாம். தேதிக்கு எதிரே ஒரு புள்ளி போதும். புள்ளிக்குப் பக்கத்தில் நாளைக்குச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை எழுதுங்கள்: "ஃபிளாஸ்க்", "கூலி பாக்கி", "அக்காவுக்குப் போன்". பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று புகாரியில் வருகிறது.

ஒளு சரியா, நிய்யத் (எண்ணம்) சரியா என்று மனம் சுற்றிச் சுற்றி வந்தால் அது முஹாஸபா அல்ல, வஸ்வாஸு (வீண் சந்தேக ஊசலாட்டம்). சந்தேகத்தால் உறுதி நீங்காது என்பது சட்டம், எனவே அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் விட்டுவிடுங்கள்.

சுற்றுலா சீசனில் கூடுதலாக வாங்கிய காசு எந்த ஊர்க்காரருடையது என்றே தெரியாவிட்டால்? இயன்றவரை தேடுங்கள். ரூம் பதிவேடு, யுபிஐ விவரம், ஏதாவது இருக்கும். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் சேருங்கள். எந்த வழியும் இல்லாதபோது அதே தொகையை அவருடைய நன்மைக்கென்று நிய்யத் வைத்து ஏழைகளுக்குக் கொடுங்கள். அதை உங்கள் தர்மமாக எண்ணிக்கொள்ளாதீர்கள். பிற்பாடு அவரே வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பதால் தொகையை மட்டும் எழுதி வையுங்கள்.