மூன்று உயிரும் முப்பது உயிரும்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் லயத்து வீடுகளில் 'டிவி கேம்' விளையாடியவர்களுக்கு 'கொன்ட்ரா' என்ற சுடும் கேம் என்றாலே விளங்கும். மூன்று உயிர். ஒரு குண்டு பட்டால் ஒன்று போச்சு. சேவ் கிடையாது, மழைக்குக் கரண்ட் போனால் முதல் கட்டத்திலிருந்துதான். டைட்டில் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, பிறகு ஸ்டார்ட் அழுத்தினால் 30 உயிர்.

ஏன் இவ்வளவு கடுமை? காசு போட்டு விளையாடும் ஆர்கேட்டில் ஆள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கேமைப் பதியும் இடமும் குறைவு: 1985இன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட்.

2018இல் வந்த 'செலஸ்ட்' என்ற குதிக்கும் கேமில் செத்தவுடன் அதே திரையில் மறுபடி நிற்கலாம். விளிம்பைத் தாண்டி 0.1 விநாடி வரை ஜம்ப் ஏற்கும். கேமை இலகுவாக்கும் அசிஸ்ட் மோடில் வேகத்தைப் பாதியாக்கலாம். ஆனாலும் அதன் பிற்பகுதித் திரைகள் மாரியோவை விடக் கடுமை! குறைந்தது தண்டனைதான், சவால் இல்லை.

பழைய கேம் இப்போது இன்னும் கஷ்டமாகத் தெரிந்தால் டிவியைப் பாருங்கள். பட்டனை அழுத்தியது திரையில் தெரியும் வரையான தாமதம் பழைய பெட்டி டிவியில் அநேகமாக இல்லை. எல்இடி டிவி படத்தை மெருகூட்டுவதில் 50 மில்லிவிநாடி போனாலே மூன்று ஃபிரேம், அதாவது மூன்று படம், பிந்தும். குதிக்க முன்பே குழியில் விழுவீர்கள். டிவி செட்டிங்கில் 'கேம் மோட்' போடுங்கள். பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருள் என்றால், தாமதத்தைக் குறைக்கும் ரன்-அஹெட் செட்டிங்கை 1 ஃபிரேமில் தொடங்குங்கள். அளவு கூடினால் அசைவு வெட்டி வெட்டி ஓடும்.