பரணில் கிடந்த ரவுட்டரும் 4,000 பகா எண்களும்

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வேலை இது: ரவுட்டர் போன்ற பெட்டிகள் தங்களுக்குச் செய்துகொள்ளும் ரகசியச் சாவிகளை நம்பலாமா என்று பார்ப்பது. ஒரு ரவுட்டர், பைத்தானில் எழுதிய நூறு வரி, ஒன்றரை நோட்டுப் பக்கம் கணக்கு. இதற்குமேல் செலவு என்று பார்த்தால் 180 ரூபாய்க்கு வாங்கிய யூஎஸ்பி சீரியல் கேபிள்தான்.

தொடங்கி வைத்தது 2012-ல் வந்த ஓர் ஆய்வு. நாடியா ஹெனிங்கர், ஜாகிர் துருமெரிக், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் என்று நான்கு பேர். இணையத்தில் திறந்திருக்கும் கருவிகளின் பொதுச் சாவிகளை (பூட்டுவதற்காக ஊரறிய வைக்கும் எண்கள்; திறக்க ஜோடியான ரகசியச் சாவி வேண்டும்) எல்லாம் சேகரித்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டிஎல்எஸ் (இணையப் பேச்சைப் பூட்டி அனுப்பும் முறை) பேசும் கருவிகளில் 0.50 சதவீதத்தின் ஆர்எஸ்ஏ என்ற பூட்டு முறையின் ரகசியச் சாவி கையில் வந்து விழுந்தது. யாருடைய கருவிக்குள்ளும் நுழையவில்லை, எந்தப் பாஸ்வேர்டையும் ஊகிக்கவில்லை. ஊருக்கே தெரியும்படி கிடந்த எண்களை வைத்து மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான். சிக்கியவை பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால், சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் அட்டை போன்ற சாமான்கள். காவலுக்கு வைத்த பெட்டிகளே மாட்டிக்கொண்டன என்பதுதான் என்னைப் பிடித்து இழுத்தது.

மீ.பொ.வ. வைத்துப் பூட்டை உடைக்கலாம் என்பதைப் படித்தால் நம்புவதற்குக் கஷ்டம், செய்து பார்த்தால் ஐந்து நிமிஷம். ஆர்எஸ்ஏ பொதுச் சாவியின் நடுநாயகம் மாடுலஸ் என்ற ஒரு பெரிய எண். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல் அது. அந்த இரண்டையும் பிரித்தெடுத்துவிட்டால் ரகசியச் சாவி உங்களுடையது. ஒற்றை மாடுலஸைப் பிரிப்பது மலையைக் குடைகிற வேலை. ஆனால் இரண்டு கருவிகள் தெரியாமல் ஒரே பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டிருந்தால்?

பத்தாவது படிக்கும் மகளிடம் இரண்டு எண்களை எழுதிக் கொடுத்தேன்: 11413, 12827. "இதுல எதையாவது காரணிப்படுத்து பார்க்கலாம்" என்றேன். 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போனாள், கொஞ்ச நேரத்தில் அலுத்துவிட்டது. "சரி விடு, ரெண்டுக்கும் பொதுவா ஏதாவது இருக்கான்னு பாரு."

"யூக்ளிட் முறையா? அது எங்க பாடம்தான்ப்பா."

12827-லிருந்து 11413 போனால் 1414. 11413-ஐ 1414-ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 101. 1414-ஐ 101-ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி இல்லை. மூன்றே வரி. 101 வந்துவிட்டது, கூடவே 113-ம் 127-ம் தானாக விழுந்தன. எண்களில் முந்நூறு இலக்கம் இருந்தாலும் இதே முறைதான். வரிகள் சில நூறு ஆகும், கம்ப்யூட்டருக்கு அது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. (எங்கள் காலத்தில் மீ.பொ.வ., அவள் புத்தகத்தில் மீப்பெரு பொதுக் காரணி, சுருக்கமாக மீ.பொ.கா., என்று இருக்கிறது. இதற்கு ஒரு சின்னச் சண்டை நடந்தது.)

அந்த இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் கொடுத்திருந்தால் அவள் இன்னும் வகுத்துக்கொண்டே இருந்திருப்பாள். இந்தக் கோளாறின் சுபாவமே அதுதான். ஒரு சாவியைத் தனியாக எடுத்துப் பரிசோதித்தால் குறையே தெரியாது. நீளம் சரி, பகா எண்கள் நிஜமான பகா எண்கள், எந்தச் சோதனையிலும் பாஸ். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் பல் இளிக்கும்.

முதல் வாரம் பாவனைக் கருவிகள் செய்வதில் போனது. அடுத்தவர் வீட்டுச் சாவிகளைச் சேகரிக்கப் போவதாக இல்லை, அதனால் 2,000 கற்பனை ரவுட்டர்களைப் பைத்தானிலேயே உருவாக்கினேன். ஒவ்வொன்றும் "மின்சாரம் வந்தவுடன்" 65,536 தொடக்க நிலைகளில் ஏதோ ஒன்றில் கண் விழிக்கும். அதை விதையாக வைத்து, ஷா-256 (எண்ணை அடையாளம் தெரியாமல் கலக்கும் கணக்கு) சங்கிலியிலிருந்து ராண்டம் பிட்டுகளை எடுத்து, 512 பிட் பகா எண் இரண்டைத் தேடும். பெருக்கினால் 1024 பிட் மாடுலஸ்.

65,536 என்பது ரொம்பக் கருமித்தனமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகுதான் பழைய கதைகளைப் பார்த்தேன். 2008 மே மாதம் வெளியே வந்த கோளாறில், அதாவது டெபியன் என்ற லினக்ஸ் வகையில் சாவி செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், யாரோ இரண்டு வரிகளை எடுத்துவிட்டதால், சாவியைத் தீர்மானிக்க மிஞ்சியது பிராசஸ் எண் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்) மட்டும். அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2012 ஆய்வில் ஐபிஎம்மின் சர்வர் மேலாண்மை அட்டைகளில் கண்டது அதையும் விட மோசம். மொத்தமே ஒன்பது பகா எண்கள். ஒன்பதில் இரண்டைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? 36. அந்த அட்டை உலகத்தில் எத்தனை இருந்தாலும் சாவி 36-தான். நான் தாராளப் பிரபு.

ஓடவிட்டேன். 2,000 சாவிகள் என்றால் 19,99,000 ஜோடிகள். அதை 65,536-ஆல் வகுத்தால் 30.5, அதாவது ஏறக்குறைய முப்பது ஜோடி முட்டிக்கொள்ள வேண்டும். இரண்டரை நிமிஷம் கழித்து 31 ஜோடிகள் வந்தன. சந்தோஷத்தில் முதல் ஜோடியின் பொதுக் காரணியைத் திறந்து பார்த்தால் அது பகா எண்ணே இல்லை, முழு மாடுலஸ்! அடுத்ததும் அப்படியே. 31-ம் அப்படியே.

அரை மணி நேரம் என் யூக்ளிட் நிரலைத் திட்டினேன். தப்பு அங்கே இல்லை. விதை ஒன்றானால் முதல் பகா எண்ணும் ஒன்று, இரண்டாவதும் ஒன்று. சாவியே இரட்டைப் பிள்ளை. இரட்டைச் சாவியும் ஆபத்துதான், ஒருவன் வைத்திருப்பது இன்னொருவன் பூட்டைத் திறக்கும். ஆனால் மீ.பொ.வ. போட்டு எதையும் உடைக்க முடியாது. அப்படியானால் நிஜக் கருவிகளில் ஒரு பகா எண் ஒன்றாகவும் மற்றது வேறாகவும் எப்படி அமைந்தது? இந்தக் கேள்வி எனக்கு முன்பே வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பதில் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஒரு நல்லெண்ணத்தில் இருந்தது. அது ராண்டம் பிட்டுகளைக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்தின் செகண்டையும் கலவையில் சேர்த்துக்கொண்டே போகும். இரண்டு ரவுட்டர்கள் ஒரே நிலையில் கண் விழித்து, ஒரே செகண்டில் முதல் பகா எண்ணைத் தேடி முடிக்கின்றன என்று வையுங்கள். அதுவரை அச்சு அசல். இரண்டாவதைத் தேடும்போது ஒன்றில் செகண்ட் முள் கொஞ்சம் சீக்கிரம் நகர்கிறது, மற்றதில் கொஞ்சம் தாமதமாக. அங்கே பாதை பிரிகிறது. முதல் பகா எண் பொது, இரண்டாவது தனித்தனி. கூடுதல் பாதுகாப்புக்காகச் சேர்த்த செகண்ட் முள்தான், இரட்டைப் பிள்ளைகளைக் கணக்குப் போட்டே உடைக்கக்கூடிய ஜோடிகளாக மாற்றியது.

கடிகாரத்தையும் என் பொம்மை ரவுட்டர்களில் சேர்த்தேன். அதே விதைகள், அதே 31 ஜோடிகள். இந்தத் தடவை 4 ஜோடிகள் முழு இரட்டையாகவே நின்றன. 16 ஜோடிகளில் முதல் பகா எண்ணைத் தேடும்போதே முள் நகர்ந்துவிட்டதால் இரண்டு பகா எண்களும் பிரிந்து, தப்பித்துவிட்டன. மீதி 11 ஜோடிகள் அப்படியே உடைந்தன. 22 ரகசியச் சாவிகள் திரையில் வரிசையாக ஓடியபோது, என் சொந்தப் பொம்மைகள் என்று தெரிந்தும் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

இரண்டரை நிமிஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2012 ஆய்வுக்காரர்கள் கையில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் வெவ்வேறு மாடுலஸ் இருந்தன. ஜோடி ஜோடியாக என் லேப்டாப்பில் போட்டால் ஏறக்குறைய 145 வருஷம். அவர்கள் கணிதவியலாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் சொன்ன குறுக்கு வழியில் போனார்கள். எல்லா மாடுலஸையும் ஒன்றாகப் பெருக்கி ராட்சச எண் ஒன்று செய்ய வேண்டும். அதை ஒவ்வொரு மாடுலஸின் வர்க்கத்தாலும் வகுத்து மீதி எடுத்து, அந்த மீதியை அதே மாடுலஸால் வகுத்தால், மற்ற எல்லாச் சாவிகளின் சாரமும் ஒரே எண்ணில் இறங்கிவிடும். பிறகு ஆளுக்கு ஒரே ஒரு மீ.பொ.வ. போதும். பெருக்குவதையும் வகுப்பதையும் மரம் மாதிரி இரண்டிரண்டாகச் செய்வதில்தான் வேகம். எனக்கு வந்த ராட்சச எண்ணில் ஆறு லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். கடிகாரம் சேர்க்காத முதல் ஓட்டத்தின் இரண்டரை நிமிஷ வேலை 14 செகண்டில் முடிந்தது, அதே 31 ஜோடிகளும் மாட்டின. மூன்று வாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த 14 செகண்ட் அதுதான்.

இரண்டாவது வாரம் நிஜக் கருவி. பரணில் ஒரு பழைய ரவுட்டர் தூசியோடு கிடந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், லினக்ஸ் 3.18 கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடுவது, அது போதும். மூடியைக் கழற்றினால் போர்டின் ஓரத்தில் நான்கு துளைகள். மின்சாரத் துளையை விட்டுவிட்டு மற்ற மூன்றில் கம்பி வைத்து ஈயப்பற்று போட்டு, சீரியல் கேபிளோடு இணைத்தேன். முதல் நாள் திரையில் ஒன்றுமே வரவில்லை. அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருந்தன. மாற்றினால் கிறுக்கலாக வந்தது, வேகம் தப்பு. 115200 போட்டதும் ரவுட்டர் பேச ஆரம்பித்தது.

ஃபேக்டரி ரீசெட் செய்து, முதல் தடவை எழுந்திருப்பதை வரி வரியாகப் பார்த்தேன். பார்க்க வேண்டிய காட்சி அது. 38-ஆவது செகண்டில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் வழி) சாவியை உருவாக்குவதாக ஒரு வரி. கணிக்க முடியாத துணுக்குகளைச் சேர்த்து வைக்கும் ராண்டம் பூல் தயாராகிவிட்டது என்று கர்னல் சொல்லும் வரியைத் தேடினேன். காணோம். வயர்லெஸ் எழுந்தது, லேன் எழுந்தது, 102-ஆவது செகண்டில்தான் அந்த வரி வந்தது. 64 செகண்ட் முன்னாடியே சாவி வெட்டி மாட்டியாகிவிட்டது.

மேசைக் கம்ப்யூட்டருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. கீபோர்டு தட்டுகிறோம், மவுஸ் அசைக்கிறோம், டிஸ்க் சுற்றுகிறது, ஒவ்வொன்றின் நேரத் துணுக்கையும் கர்னல் பொறுக்கி வைத்துக்கொள்கிறது. ரவுட்டருக்கு இவை எதுவும் கிடையாது. பேட்டரி போட்ட கடிகாரம்கூட இல்லை. என்னுடையது ஒவ்வொரு தடவையும் 1970 ஜனவரி 1-ல்தான் கண் விழித்தது. தாயக்கட்டையை இன்னும் கையில் எடுக்கவே இல்லை, அதற்குள் என்ன விழுந்தது என்று கேட்கிறோம். கேட்டவுடன் ராண்டம் எண் தரும் கர்னலின் வாசலான யூராண்டமும் சளைக்காமல் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறது. பானை காலியாக இருந்தாலும் வந்தவனிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத வீடு அது. பூல் நிறையும்வரை கேட்டவனைக் காக்க வைக்கும் கெட்ராண்டம் என்ற அழைப்பு லினக்ஸில் வந்ததே 2014-ல், 3.17 கர்னலில்தான். என் ரவுட்டரின் கர்னலில் அது இருக்கிறது, சாவி செய்யும் நிரல் அதைக் கேட்பதாகத் தெரியவில்லை.

2012 ஆய்வுக்குப் பிறகு கர்னலில் ஒரு மாற்றம் வந்தது: கருவியின் மேக் முகவரி (நெட்வொர்க் அட்டைக்கு உள்ள தனி எண்), சீரியல் எண் போன்றவற்றையும் பூலில் கலப்பது. மேக் முகவரி ரகசியமா என்று முதலில் சிரித்தேன். ரகசியம் இல்லைதான், எண்ட்ரோபி (கணிக்க முடியாமையின் அளவு) என்று கணக்கில் சேர்ப்பதும் இல்லை. ஆனால் இரண்டு கருவிகள் அச்சு அசலாக ஒரே நிலையில் எழுவதை அது தடுத்துவிடும். என் பொம்மைகளுக்கும் ஆளுக்கு ஒரு மேக் முகவரி கொடுத்து ஓட்டினேன். 31 ஜோடிகள் இருந்த இடத்தில் பூஜ்யம். ஆனால் மேக் முகவரி தெரிந்தவன் 65,536 விதைகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் சாவி கிடைத்துவிடும். கும்பலாக மாட்டுவது நின்றது, தேடி வந்து பிடிப்பவனுக்குக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

நடுவில் ஜூனிப்பர் என்ற நெட்வொர்க் கருவிக் கம்பெனியின் கதையிலும் இரண்டு ராத்திரி போனது. 2015 டிசம்பரில் வெளியே வந்த விஷயம்: அவர்களுடைய ஸ்கிரீன்ஓஎஸ் இயங்குதளம் ஓடும் ஃபயர்வால்களில் ராண்டம் எண் செய்யும் இடத்தில் ஒரு மாறிலியை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள், விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) போக்குவரத்தை ஒட்டுக்கேட்க வழி செய்யும் மாற்றம். அது வேறு வியாதி. இங்கே பானை காலி, அங்கே பானையில் யாரோ கை வைத்தது. செய்து பார்க்க எலிப்டிக் கர்வ் என்ற வளைகோட்டுக் கணிதம் வேண்டும், எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

மூன்றாவது வாரம் ரவுட்டரை 20 தடவை ரீசெட் செய்து 20 சாவிகளைச் சேகரித்தேன். 190 ஜோடிகள். எல்லாவற்றுக்கும் மீ.பொ.வ. 1. ஒன்றுமே உடையவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான், மறைப்பானேன். ஆனால் இதை வைத்து ரவுட்டர் நல்லது என்றும் சொல்ல முடியாது. 190 ஜோடி என்பது என் பொம்மை ரவுட்டர்களிலேயே ஒன்றுகூட மாட்டாத அளவு. மேலும் ஒரே பெட்டியை 20 தடவை எழுப்புவதும், 20 வீடுகளில் 20 பெட்டிகள் எழுவதும் ஒன்றல்ல.

இப்போதைக்குச் செய்தது: ரவுட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பூல் தயாரான பிறகு பழைய சாவியை அழித்துப் புதிதாக உருவாக்கினேன். ரவுட்டரின் சாவி மாறிவிட்டது என்று லேப்டாப் பெரிய எச்சரிக்கை போட்டது, அதில் இருந்த பழைய சாவியின் வரியை நீக்கிவிட்டு உள்ளே போனேன்.

ரிலே போர்டு (கம்ப்யூட்டர் சொன்னபடி இயங்கும் சுவிட்ச்) ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். ரீசெட் பொத்தானை இனி அது அழுத்தட்டும். 200 தடவை, தடவைக்கு நாலு நிமிஷம், மொத்தம் 13 மணி 20 நிமிஷம். கரண்ட் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.