வற்றின குளத்துக்குள் நடக்கிறவர்களுக்கு

வெயில் காலத்து நெற்செய்கையான சிறுபோகத்தின் வெட்டு முடிந்து, துருசுகள் (குளத்து மதகுகள்) பூட்டுப்பட்ட பிறகு, மாரி மழை தொடங்கும்வரை, இலங்கையின் வடக்கே வன்னிக் குளங்கள் ஆகக் குறைந்த மட்டத்தில் கிடக்கும். ஆவணிக் கடைசியும் புரட்டாதியும்தான் குளத்துத் தரையில் நடக்கத் தோதான காலம்.

பலர் செய்கிற முதல் பிழை, குளக்கட்டில் நின்று பார்த்துவிட்டு அங்கிருந்தே கீழே இறங்குவது. கட்டடிதான் குளத்தின் ஆழமான பக்கம். வண்டல் அங்கேதான் தடித்துக் கிடக்கும், கடைசியாகத்தான் இறுகும். போதாததற்கு அலை அடிக்காமல் அடுக்கின கற்களுக்குள் பாம்பு படுத்திருக்கும். இறங்க வேண்டிய பக்கம் அலைகரை, அதாவது கட்டுக்கு எதிரே தண்ணீர் ஆழமில்லாமல் பரவி நிற்கிற கரை. வடக்கே ஓடுகிற கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுவில் கட்டு வடக்கே, அலைகரை தெற்கே. இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமான நீர்ப்பள்ளம். 1920இல் முடிந்த அணைக்கு முந்தின மடுக்களின் பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது. எந்தக் குளத்திலும் பழைய மடுவும் பழைய ஆற்றுப் பள்ளமும் எங்கே என்று மாடு மேய்க்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். மேலே பாளம் பாளமாய் வெடித்த தரை மாதிரித் தெரிந்தாலும் அந்த இடங்களில் கீழே களி இளகித்தான் இருக்கும்.

தரையை நிறத்தால் வாசிக்கலாம். வெளிறின சாம்பல் நிறம், விரல் நுழையும் அளவு வெடிப்பு என்றால் தாங்கும். கறுத்து, வெடிப்பில்லாமல் மினுங்கினால் தாங்காது. காய்ந்த தாமரை இலை படர்ந்த இடத்தை முழுதாகச் சுற்றிப் போங்கள். தாமரை இளகின சேற்றில்தான் கிழங்கு விடும், சருகு அதை மூடிவிடும். நாலடித் தடி ஒன்று கையில் இருக்கட்டும். பாரம் போடாமலே ஒரு சாண் இறங்கினால் வந்த அடியிலேயே திரும்பவேண்டியதுதான். மாட்டுக் குளம்படியில் தண்ணீர் ஊறி நின்றாலும் அப்படியே. ஆனால் பட்டி மாடுகள் நாளாந்தம் நடந்து இறுகின ஒற்றையடிப் பாதையை நம்பலாம். எருமை போன வழியை நம்பவேண்டாம், அது சேற்றைத் தேடித்தான் போகும்.

கால் புதைந்தால் நேரே இழுக்கக்கூடாது. இழுக்க இழுக்க மற்றக் கால்தான் இறங்கும். தடியைக் குறுக்கே படுக்கப் போட்டு, பின்பக்கம் சாய்ந்து இருந்து, குதிக்காலை மெல்ல ஆட்டினால் காற்று உள்ளே போய்ப் பிடி விடும். பாட்டா செருப்போடு வந்தவர்கள் செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, நத்தை ஓடும் நெருஞ்சி முள்ளும் கிடக்கிற தரையில் வெறுங்காலோடு திரும்புவார்கள். கயிறு கட்டும் சப்பாத்துத்தான் சரி.

விடியப்புறம் ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் கரையேறுங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். வெடிப்புக்குள் கணுக்கால் பிரளாமல் நடக்க மணிக்கு இரண்டு கிலோமீற்றரே போதும். இரணைமடு மாதிரித் தெற்கே அலைகரை உள்ள குளத்தில் போகும்போது சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று முதுகில் தள்ளும், தூரம் தெரியாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் புழுதியை அள்ளி அடிக்கும். ஆகவே தண்ணீரில் பாதி முடியுமுன்னரே திரும்புங்கள். வெயில் ஏறினால் கானல் எழும்பி, எதிர்க்கரை கிட்ட இருப்பது போலக் காட்டும். இறங்கின இடத்து மருதமரத்தை முதலே அடையாளம் பிடித்து வைப்பது நல்லது.

மிஞ்சின மடுவில் மீன் நெருங்கிவிடும். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அங்கேதான் கூடும். பார்க்க ஆசைதான், ஆனால் முதலையும் அங்கேதான். சேற்றில் வயிறு இழுத்த அகன்ற தடமும் நடுவே வால் கீறின கோடும் கண்டால் இன்னும் விலகி நில்லுங்கள். ஆட்காட்டி தலைக்கு மேலே சுற்றிக் கத்தினால் காலடியைப் பாருங்கள், முட்டை வெறுந்தரையில் இருக்கும். உள்ளே ஈரம் காயாத யானை லத்தி கண்டால் அன்றைய நடை அவ்வளவுதான்.

அலைகரையைத் தாண்டிப் பற்றைக்குள் குறுக்கு வழி தேடவேண்டாம். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இல்லை என்பது போர்க்காலத்து மிதிவெடி இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. மழை அரித்த இடத்தில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே பின்னால் போய், பொலிசுக்கு இடத்தைச் சொல்லுங்கள்.