எத்தனையாவது மாடி என்று யாரும் கேட்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாட் குடியிருப்பாளர் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாடித் தம்பி பக்கத்தில் வந்தான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். "ஆன்ட்டி, நம்ம பிளாட்ல இருக்கிற வயசானவங்களுக்கு ஒரு ஆப் செஞ்சிடலாம். மருந்து நேரம், கிளினிக் தேதி, பிரஷர் எல்லாம் அதிலேயே வந்திடும். ரெண்டே மாசம்" என்றான்.

நல்ல மனசு. அவனுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது, அன்று நேரம்தான் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். தம்பி, நீயும் படித்துவிடு.

நான் 34 வருடம் அரசாங்கக் கிளினிக்குகளில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்தவள். அறுபது வயதில் ஓய்வு. இப்போது ஜெலுத்தோங்கில், அம்மா விட்டுப்போன பிளாட்டில் இருக்கிறேன். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. பினாங்கில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி பிளாட்டை விளக்க வேண்டியதில்லை. கட்டிய காலத்தில் எல்லாருக்கும் வயது முப்பது, நாற்பது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். பிள்ளைகள் இப்போது வேறு ஊரில். மேலே இருப்பது முட்டி வலிக்காரர்கள்.

பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில். அங்கே ஒரு டிரெஸ்ஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், இருந்தார். பெரிய படிப்பு இல்லை, ஆனால் அவரிடம் தடித்த நோட்டு ஒன்று இருக்கும். லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) வாரியாக, வீட்டு எண் வாரியாக எழுதி வைத்திருப்பார். எந்த வீட்டில் யாருக்கு இருமல், யார் கர்ப்பம், எந்தப் பிள்ளைக்கு ஊசி பாக்கி, எல்லாம் அதில். பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, வராத ஆளை அன்று மதியத்துக்குள் தேடி வந்துவிடுவார். தோட்டம் கைமாறி, லயம் உடைத்தார்கள். அவர் போனார். அந்த நோட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் அம்மாவுக்கு எத்தனை வயதில் பிரஷர் வந்தது என்ற விவரம் அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது.

நான் வேலையில் இருந்தபோது, 1997-இல், மலேசிய அரசாங்கம் டெலிமெடிசின் திட்டத்தை வெளியிட்டது. ஒரு மனிதருக்குப் பிறப்பு முதல் கடைசி வரை ஒரே சுகாதாரப் பதிவு, எந்த ஊர் கிளினிக்குக்குப் போனாலும் அது கூடவே வரும் என்றார்கள். 1999-இல் செலாயாங் மருத்துவமனை காகிதமே இல்லாத மருத்துவமனையாகத் திறந்தது. நாங்கள் எங்கள் கிளினிக்கில் நோயாளி அட்டை தேடிக்கொண்டிருந்தோம். 2023-இல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையும் மின்பதிவு பற்றிப் பேசுகிறது, ஆஸ்பத்திரியைவிட கிளினிக்குக்கும் நோய் வராமல் பார்ப்பதற்கும் முதலிடம் என்கிறது. பதினைந்து வருடத் திட்டம். அது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் எங்கள் ஐந்தாம் மாடிப் பாட்டிக்கு 81 வயது. அவருக்குப் பதினைந்து வருடம் நேரமில்லை.

அந்தப் பாட்டியின் கதையைச் சொல்கிறேன்.

கொரோனா தணிந்த பிறகு, 2022-இல், ஒரு நிறுவனம் எங்கள் பிளாட்டுக்கு ஒரு ஆப் இலவசமாகக் கொடுத்தது. காலேஜ் பிள்ளைகள் டேப்லெட்டோடு வந்து எல்லாரையும் பதிந்தார்கள். வயது, நோய், மருந்து, பிரஷர், சர்க்கரை. பச்சை நிறம் வந்தால் நலம், சிவப்பு வந்தால் கிளினிக்குக்கு அனுப்பு. பாட்டி இனிப்புநீர்க்காரர் (நீரிழிவு), ஆனால் பதிந்த அன்று எண்கள் நன்றாக இருந்தன, பச்சை. ஐந்து மாதம் பச்சையாகவே இருந்தார். ஏன் தெரியுமா? பாட்டி கீழே இறங்கவே இல்லை. புதிய எண் எதுவும் ஏறவில்லை, அதனால் நிறமும் மாறவில்லை. அந்த ஆப் எத்தனையோ கேட்டது, எத்தனையாவது மாடி என்று மட்டும் கேட்கவில்லை. பாட்டி வீட்டுக்கு 72 படி.

தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போனேன். கதவைத் திறந்ததும் வாடை. முப்பது வருடம் புண் கட்டிய மூக்கு, தப்பாது. காலைக் காட்டுங்கள் என்றால், "ஒண்ணுமில்ல தாயி, வலிக்கவே இல்ல" என்கிறார். வலிக்காததுதான் ஆபத்து. இனிப்புநீர் நரம்பைத் தின்றுவிட்டால் கால் சொல்லாது. இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் நடுவில் புண், ஓரம் கறுத்திருந்தது. பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன். பாட்டியிடம் கேட்டுக்கொண்டு, கிளினிக்கில் இன்னும் வேலை செய்யும் என் பழைய தோழிக்கு அனுப்பினேன். நாலு நிமிடத்தில் பதில்: "இன்றைக்கே கொண்டு வா, அக்கா." பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பையன்கள் 72 படி தூக்கி இறக்கினார்கள்.

விரல் தப்பியது. அதற்குப் பிறகு வாரம் ஒரு படம், அதே ஸ்கேல், அதே ஜன்னல் வெளிச்சம். பதினோரு வாரம். ஒவ்வொரு முறையும் பாட்டியைத் தூக்கி இறக்காமல், டாக்டர் படங்களை வரிசையாகப் பார்த்துப் புண் சுருங்குவதைச் சொன்னார். டிஜிட்டல் உதவி என்று எனக்கு முன்னால் யாராவது சொன்னால் அந்தப் பதினோரு படங்கள்தான் கண்ணில் வரும். சாதாரண கைத்தொலைபேசி, பழைய ஸ்கேல், கதவைத் தட்ட ஒரு ஆள்.

அந்த ஆப் அடுத்த வருடம் நின்றுவிட்டது. ஆதரவுப் பணம் முடிந்தது, சந்தா கட்ட ஆளில்லை. பதிந்ததெல்லாம் போச்சு. டிரெஸ்ஸர் நோட்டு போன மாதிரியே.

இது ஏதோ எங்கள் ஒரு பிளாட்டின் பிரச்சினை இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் இந்தியர்களில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று வந்தது, எல்லா இனங்களிலும் அதுதான் அதிகம். கிட்டத்தட்ட மூன்று பேரில் ஒருவர். எங்கள் மாடிகளில் கதவு கதவாக எண்ணினால் அது எனக்குக் கூடுதலாகவே தெரிகிறது. 2030-இல் மலேசியர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள்.

மருந்து கிடைக்காமல் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, டாக்டரும் மருந்தும். உலகத்தில் எத்தனை இடத்தில் இது உண்டு? ஆனால் பாட்டிக்கு கிராப் வாடகைக் காரில் போக வர 20 வெள்ளிக்கு மேல். டாக்டரைப் பார்ப்பது மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை என்றாலும், மருந்து மாதா மாதம் வாங்க வேண்டும். இதற்கும் அரசாங்கம் வழி வைத்திருக்கிறது: தபாலில் மருந்து, காரில் இருந்தபடியே வாங்கும் பாண்டு லாலு, வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்க ஸ்புப் என்ற ஏற்பாடு. எங்கள் பிளாட்டில் விசாரித்தபோது இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தெரிந்தவர்கள் இரண்டு வீடு. அரசாங்கத்தின் மைசெஜாத்ரா ஆப்பில் கிளினிக் தேதி எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் நாலாம் மாடி அம்மாவுக்குத் தேதி நினைவூட்டல் வரவே இல்லை. ஏன் என்று தோண்டினால், தடுப்பூசிக் காலத்தில் மருமகள் தன் நம்பரில் பதிந்து கொடுத்திருந்தார். மருமகள் இப்போது சிங்கப்பூரில். நினைவூட்டல் எல்லாம் அவருடைய பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா, "என்னை மறந்துட்டாங்க போல" என்று இரண்டு முறை தேதியைத் தவறவிட்டு உட்கார்ந்திருந்தார். நம்பரை மாற்ற இருபது நிமிடம் ஆனது.

சரி, இப்போது என்ன செய்கிறோம்? கணினியில் ஒரு ஷீட். அவ்வளவுதான். அதில் வீட்டு எண், எத்தனை படி, தனியாக இறங்க முடியுமா, மருந்து எந்தத் தேதியில் தீரும், நினைவூட்டல் யார் நம்பருக்குப் போகிறது, வீட்டில் யார் படிப்பார், என்ன மொழி. நோயின் பெயர் கடைசிப் பத்தியில்தான். மூன்று பேர் மட்டும் திறக்கலாம். மிஸ்ஸி வேலையில் முதல் பாடம், பார்த்ததை வெளியே பேசாதே. மாதம் முதல் தேதி அச்செடுத்து சங்க அலமாரியில் பூட்டி வைக்கிறோம், இன்னொரு நோட்டு தொலையக் கூடாது என்பதற்காக. மருந்து உறையில் சூரியனும் நிலாவும் வரைகிறோம். எழுத்துச் செய்தி அனுப்புவதில்லை, வாட்ஸ்அப்பில் குரலில், தமிழில், "பாட்டி, நாளைக்குக் கிளினிக், காலைல பசியாறாம இருங்க, ரத்தம் எடுப்பாங்க" என்று. இன்சுலினைக் குளிர்ச்சியாகக் கொண்டுவர வேண்டும் என்பதால் ஐஸ் பெட்டியோடு ஆள் போகிறது, மற்ற மருந்து தபாலில்.

பிரஷர் பார்ப்பதில் ஒன்று கற்றுக்கொண்டோம். முதலில் கீழ் மண்டபத்தில் மேசை போட்டுப் பார்த்தோம். மேலிருந்து இறங்கி வந்த உடனே கையில் பட்டையைக் கட்டினால் 178. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தால் 146. அந்த 178 கணினியில் ஏறியிருந்தால் யாரோ ஒரு டாக்டர் மருந்தைக் கூட்டியிருப்பார். இப்போது கருவியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மேலே போகிறோம்.

போன வருடம் எனக்கு முட்டி அறுவை சிகிச்சை. ஆறு வாரம் படியில் கால் வைக்கவில்லை. அந்த ஆறு வாரத்தில் இரண்டு வீட்டில் மருந்து தீர்ந்து போனது, ஷீட்டில் ஒரு வரி ஏறவில்லை. படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்டபோது வலியைவிட அதுதான் அழ வைத்தது. எல்லாவற்றையும் நானே தூக்கிக்கொண்டு, அதைத் திட்டம் என்று நினைத்திருந்தேன்.

எழுந்ததும் சங்கத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். முதலாம் மாடியில் ஒரு அக்கா, வீட்டிலேயே தையல் வேலை செய்பவர், நல்ல நினைவாற்றல். அவருக்கு மாதம் 200 வெள்ளி. கூட்டத்தில் முணுமுணுப்பு வந்தது, "தொண்டுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று. பிரஷர் கருவிக்கு 180 வெள்ளி தர மூன்று பேர் போட்டி போட்டார்கள், அதைத் தூக்கிக்கொண்டு படி ஏறும் ஆளுக்குத் தரக் கை வரவில்லை. நான் விடவில்லை. கருவி வாங்குவது ஒருமுறை. ஆள் மாதா மாதம் வேண்டும். பாதி சங்கம், பாதி பக்கத்துக் கோயில் கமிட்டி தருகிறது. வருடத்துக்கு 2,400. அந்த அக்கா வந்து எட்டு மாதத்தில் மருந்து தீர்ந்து உட்கார்ந்த வீடு ஒன்றுகூட இல்லை.

ஆகவே தம்பி, ஆப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய். மருந்து தீர ஏழு நாளுக்கு முன்னால் அந்த அக்காவின் தொலைபேசிக்குத் தமிழில் குரல் வர வேண்டும். ஒரு வீட்டில் முப்பது நாளாகப் புதிய வரி ஏறவில்லை என்றால், பச்சை மறைந்து "கதவைத் தட்டு" என்று வர வேண்டும். நீ நாளைக்கு வேறு வேலைக்கு ஜெர்மனி போனாலும், உள்ளே இருப்பதை அந்த அக்கா ஒரே அழுத்தில் காகிதமாக எடுக்க முடிய வேண்டும். இந்த மூன்றும் போதும், அப்புறம் வேண்டியதைச் சேர்க்கலாம்.

அதற்கு முன்னால் சனிக்கிழமை காலை ஏழரைக்கு பி பிளாக் படிக்கட்டடியில் வந்து நில். அக்காவும் வருவார். ஐந்தாம் மாடியிலிருந்து தொடங்கிக் கீழே வருவோம், மேலே வெயில் ஏறுவதற்குள். கருவிப் பையை நீ தூக்கிக்கொள்.