வெள்ளம் வடிந்ததும் கிணற்றில் பம்பைப் போடாதீர்கள்

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை முழுசாகத் திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்துத் தாழ்ந்த காணிகளில் வெள்ளம் கிணற்றுக் கட்டுக்கு மேலால் போகும். 2018 டிசெம்பரில் அதுதான் நடந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வன்னியில் மறுபடியும் வெள்ளம். முற்றம் தெரியத் தொடங்கியதும் எல்லாரும் தேடுவது வாட்டர் பம்பைத்தான். கிணறுகள் இடிவதும் அப்போதுதான்.

சுற்றியுள்ள மண் ஊறிக் கிடக்கும்போது வெளித்தண்ணீர் கிணற்றுச் சுவரை உள்ளே தள்ளும். கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர்த்தாங்கல். அதை ஒரேயடியாக இறைத்தால் கொங்கிறீற்று வளையம் விலகும், கட்டாத கிணறென்றால் சுவரே சரியும். கிணற்று மட்டம் தானாக இறங்கத் தொடங்கும்வரை பொறுங்கள். பிறகு ஓரிரு அடி இறைத்து, நிறுத்திப் பாருங்கள். வளைய இடுக்கால் மணல் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கிணற்றின் அடிவரை இறைக்கவே வேண்டாம், உவர் ஏறிவிடும்.

பெற்றோல் பம்பை எக்காரணத்துக்கும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளேயே தங்கும். உள்ளே காற்று நல்லதா என்று விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழி இதற்கு உதவாது. விளக்கு எரியும், ஆள் விழுவார். இறைக்கும் தண்ணீரைத் தள்ளி, பள்ளப் பக்கமாக விடுங்கள். கிணற்றடியில் விட்டால் அதே அழுக்கு திரும்ப ஊறும். சேறு அள்ளும்போது துருப்பிடித்த இரும்புப் பொருள் ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் பொலிஸ் அவசர இலக்கம் 119-க்குச் சொல்லுங்கள். எங்கள் மண்ணில் போரில் மிஞ்சிய வெடிபொருளையும் வெள்ளம் இடம் மாற்றும்.

கலங்கல் தெளிந்த பிறகே குளோறின். சேறும் இலைகுழையும் இருந்தால் குளோறினை அவையே தின்றுவிடும். கண்மதிப்பில் ஒரு சிரட்டை குளோறின் தூளை வீசுவது வீண். தண்ணீர் எவ்வளவு என்று அறிய, கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.785-ஆலும் தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்குங்கள். எல்லாம் மீற்றரில். 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 14 கனமீற்றர், அதாவது 14,000 லீற்றர். 30 வீதம் குளோறின் உள்ள வெளிற்றும் தூள் (பிளீச்சிங் பவுடர்) என்றால் கனமீற்றருக்கு 170 கிராம் வீதம் கிட்டத்தட்ட 2.4 கிலோ. 65 வீதத் தூள் என்றால் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. மாரிக்காலத்தில் திறந்து வைத்த பை வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள்.

தூளைப் பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, அடைய விட்டு, மேல்தெளிவை மட்டும் சுற்றிவர ஊற்றுங்கள். உட்சுவரையும் அதாலேயே கழுவுங்கள். கையுறை வேண்டும், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். ஒரு நாள் எவரும் தண்ணீர் அள்ளக் கூடாது. பிறகு குளோறின் மணம் போகும்வரை, முன்போலவே மெல்ல மெல்ல இறையுங்கள். அந்தத் தண்ணீர் குளத்துக்கோ மீன் உள்ள வாய்க்காலுக்கோ போகக் கூடாது.

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாதிரி எடுத்துச் சரியென்று சொல்லும்வரை குடிதண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ஆனால் காலபோக (மாரிக்கால நெல்) வயலுக்குப் பக்கத்துக் கிணற்றில் டீசல் படையோ களைகொல்லி வாடையோ இருந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை, குளோறினும் உதவாது. அதைக் குடிக்காமல் பவுசர் (தாங்கி லொறி) தண்ணீர் கேளுங்கள்.

அடுத்த மாரிக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெள்ளம் நின்ற அடையாளம் சுவரில் அழியுமுன் அளந்து, கிணற்றுக் கட்டை அதற்கு மேல் ஓர் அடி உயர்த்திக் கட்டுங்கள். காணி மிகத் தாழ்வென்றால் அந்தச் செலவு வேண்டாம், மேட்டுக் காணிக் கிணறு ஒன்றை அயலவரோடு இப்போதே பேசி வையுங்கள்.